இரத்த வங்கியின் பதிவேடு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையில், முண்டியம்பாக்கத்தில் அமைந்துள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஸ்தாபனங்களில், எந்த வகை இரத்தம் எந்த மாதத்தில் எத்தனை பை செலவாயிற்று என்று அன்றாடம் எழுதப்படும் பதிவேடு, வெறும் கணக்கன்று; வருங்காலத் தேவையை முன்கூட்டியே உணர்த்தும் தீபமாகும். சேமித்து வைத்த சிவப்பணுக்கள் 35 முதல் 42 நாட்களும், தட்டணுக்கள் 5 நாட்களுமே தாங்குமாதலால், ஒரே தினத்தில் நூறு பேர் இரத்ததானம் செய்யத் திரண்டு வந்து, பின்னர் மாதக்கணக்கில் எவரும் எட்டிப் பாராதிருப்பதைக் காட்டிலும், அந்தக் கணக்கையொட்டி முறைவைத்து வருவதே உத்தமம். ஆண்கள் 3 மாதத்துக்கொரு முறையும், பெண்கள் 4 மாதத்துக்கொரு முறையும் இரத்ததானம் செய்யலாம். சுபகாரியத்துக்கு நாள் குறிப்பதுபோல, இதற்கும் இன்றே ஒரு நாள் குறித்து வையுங்கள்.