பள்ளிக்கூட வயசு வரைக்கும் பசி காத்திருக்காது!

(கோவில்பட்டி தெருமுனைக் கூட்டத்தில் நமது தகவல் தொழில்நுட்ப அணித் தோழர் பேசியது)



1956-ல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம்ம பக்கத்து எட்டயபுரத்துல. 1982-ல் எம்.ஜி.ஆர் அதைச் சத்துணவா விரிவாக்கினார். 2022-ல் காலை உணவும் வந்தது. அந்தச் சோத்தைச் சாப்பிட்டுப் படிச்சவங்க பிள்ளைகள்தான் இன்னைக்கு இன்ஜினியர்!

ஆனா பிள்ளை பள்ளிக்கூடம் போறது 5 வயசுல. உடம்பும் மூளையும் வேகமா வளர்றது முதல் 2 வயசுக்குள்ள. தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) சொல்லுது: தமிழ்நாட்டுல 5 வயசுக்குட்பட்ட பிள்ளைகள்ல 14.6 சதவீதம் பேருக்கு உயரத்துக்கேத்த எடை இல்ல. கர்ப்பிணிகள்ல 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

கரிசல்ல மழை பொய்ச்சா முதல்ல குறையுறது அம்மாவோட தட்டுதான். களையெடுத்துட்டு வந்தாலும், தீப்பெட்டி ஆபீஸ் போயிட்டு வந்தாலும், எல்லாரும் சாப்பிட்ட மிச்சம்தான் அவங்களுக்கு. அம்மா மெலிஞ்சா வயித்துப் பிள்ளையும் மெலியும்.

தோழர்களே, உங்க தெருவுல ஒரு வேலை செய்யுங்க. 6 மாசம் முதல் 5 வயசு வரை உள்ள பிள்ளைகளை அங்கன்வாடியில எடை பார்க்க வைங்க. மேல்கையை நாடாவால அளக்கச் சொல்லுங்க. சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தா, 'ஒல்லியான வாகு'ன்னு விட்டுடாதீங்க. அது உயிருக்கே ஆபத்து. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

அரசுக்கு நம்ம கோரிக்கை: காலி அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்பு! சத்துமாவைத் தட்டில்லாம கொடு!

எட்டயபுரத்துல தொடங்கினதைத் தொட்டில் வரைக்கும் கொண்டு போவோம்.

#கோவில்பட்டி #கரிசல்மண் #குழந்தைகள்நலம்