சிறிய குழுவும் சிறந்த இசையும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



“நல்ல இசையை வாசிக்க எங்களிடம் ஆளுமில்லை, வாத்தியமுமில்லை” என்ற பேச்சைச் சங்கங்களிலும் பாடசாலைகளிலும் அடிக்கடி கேட்கிறோம். இதுவே முடிவானால், சிறு குழுக்களுக்கு மலிந்த மெட்டுக்களே கதியாகும். உயர்ந்த இசையை வாசித்தறியும் பேறு இளைஞர் பலருக்குக் கிட்டாமலே போய்விடும். இக்குறைக்கு மேனாட்டார் கண்ட பரிகாரத்தை வியன்னா நகரத்தின் வரலாற்றிலிருந்து எடுத்துக் கூற விரும்புகிறேன்.

1782ஆம் ஆண்டில் பேரரசர் இரண்டாம் யோசேப்பு அந்நகரில் எண்மர் கொண்ட ஒரு காற்றுவாத்தியக் குழுவை அமைத்தார். ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் என்பவற்றுள் இவ்விரண்டே அதிலிருந்தன. பெரிய இசைநாடகங்களின் பாடல்களை இத்தகைய குழுக்களுக்கென மாற்றி எழுதுவது அக்காலத்தில் ஒரு தொழிலாகவே இருந்தது. மொசார்ட் தமது புதிய இசைநாடகத்தைத் தாமே அவ்வாறு மாற்ற முற்பட்டார். தாம் பிந்தினால் வேறொருவர் முந்திக்கொண்டு ஊதியத்தைப் பெற்றுவிடுவார் என்று அவ்வாண்டு ஜூலையில் தந்தையாருக்கு எழுதினார். வாத்தியத்தின் இயல்புக்கும் பொருந்தி, இசையின் சுவையும் குன்றாமல் எழுதுவது எளிதன்று என்பதையும் அக்கடிதத்தில் குறித்தார். அம்மேதையே கடினமென்று கருதிய வேலையை நாம் அற்பமென எண்ணலாகாது.

பின்னர், முதலாம் உலக யுத்தம் முடிந்த 1918ஆம் ஆண்டில், வறுமையுற்றிருந்த அதே நகரில் ஆர்னோல்ட் ஷோன்பேர்க் புதிய இசைக்கென ஒரு சங்கம் நிறுவினார். பெருங்குழுவை அமர்த்தப் பணமில்லை. ஆதலின் பெரிய படைப்புக்களைச் சிறு குழுவுக்கென மாற்றி எழுதினர். டெபுசியின் 1894ஆம் ஆண்டுப் படைப்பொன்றைப் பென்னோ சாக்ஸ் 1920இல் அவ்வாறு அமைத்தார். மாலரின் நான்காம் சிம்பனியை எர்வின் ஸ்டைன் 1921இல் அமைத்தார். மாலர் எழுதியவை நான்கு புல்லாங்குழல்களும், நான்கு ஹார்ன்களும், மூன்று டிரம்பெட்டுகளும். ஸ்டைன் வைத்துக்கொண்டது ஒரே புல்லாங்குழல். ஹார்னும் டிரம்பெட்டும் அறவே இல்லை. அக்குறையை நிரப்பியவை பியானோவும் ஆர்மோனியமும் ஆகும். நமது பஜனை மண்டபங்களில் ஒலிக்கும் ஆர்மோனியத்தின் மூத்த சகோதரமே அது. காலால் மிதித்து வாசிப்பது.

1921 மேயில் அச்சங்கம் நிதி திரட்டுவதற்காக ஸ்ட்ராவுஸின் நடன இசையை வாசித்தது. ஷோன்பேர்க்கும் அவர் மாணவர் பேர்க், வேபர்ன் இருவருமே அவற்றை மாற்றி எழுதினர். பேர்க் ஆர்மோனியத்திலும் வேபர்ன் செல்லோவிலும் அமர்ந்தனர். அந்தக் கையெழுத்துப் பிரதிகள் ஏலத்தில் விற்கப்பட்டன.

இனி, செய்யும் வழியைப் பார்ப்போம். நமது மரபில் ஒரு குரலும் சுருதியும் மிருதங்கமும் ஒரு கச்சேரிக்குப் போதும். மேனாட்டிசையோ பல குரல்கள் ஒருங்கே செல்வது. எனவே எதை விடுவது, எதை விடாதிருப்பது என்பதே கேள்வி. மிஷன் பாடசாலையில் நாற்குரலிற் பாடிப் பழகியோர் இதை அறிவர்: நடுக்குரல் ஒன்று குறைந்தாலும் பாட்டு நிற்கும், அடிக்குரல் போனால் பாட்டுத் தள்ளாடும். ஆகவே மெட்டையும் அடிக்குரலையும் முதலிற் காக்க வேண்டும். பல வாத்தியங்கள் ஒரே சுரத்தை வாசிக்குமிடத்து ஒன்றை வைத்து மற்றவற்றை விடலாம்; ஒலி குறையும், இசை குறையாது. ஸ, க, ப மூன்றும் சேர்ந்தொலிக்குமிடத்து ஆளில்லையேல் பஞ்சமத்தை விடலாம். காந்தாரத்தை விட்டால் அச்சேர்க்கையின் குணமே மறையும். நீண்ட சுரங்களை ஆர்மோனியத்திடம் ஒப்படைக்கலாம். எல்லோரும் எப்போதும் வாசிக்கவும் வேண்டாம். சிலர் ஓய்ந்திருந்து சேரும்போது சிறு குழுவிலும் நிறம் மாறும்.

எல்லாப் படைப்பும் இவ்வாறு சுருங்காது. பேரொலியே உயிராகவுள்ளவற்றை விட்டுவிடுவோம். ஆசிரியர் உரிமை நீங்காதவற்றுக்கு அனுமதி பெறுவோம். ஆனால் வாத்தியம் போதாதென்று நல்ல இசையையே கைவிட வேண்டியதில்லை. இருக்கும் வாத்தியங்களை எண்ணி, வாசிப்போரின் திறமையை அறிந்து, ஒவ்வொருவருக்கும் ஏற்ற பகுதியை எழுதிக்கொடுக்க ஒருவர் முன்வந்தாற் போதும். அவ்வேலையை நம் இளைஞர் மேற்கொள்ள வேண்டுமென்றும், பெரியோர் அவர்களுக்கு ஊக்கமளிக்க வேண்டுமென்றும் கேட்டு அமர்கிறேன்.