மல்லிகைத் தொட்டி சொல்லிக் கொடுத்தது



பங்குனி வந்தாச்சு. தெருவில் புங்கமரம் தளிர்விட்டு நிற்கிறது. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரு குண்டுமல்லிச் செடி முதல் மொட்டு வைத்திருக்கிறது. இதில் என்ன அதிசயம்னு கேட்பீங்க. இந்தச் செடியை நான் கிட்டத்தட்ட சாகடித்தே விட்டேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன் ஊரில் ஆச்சி வீட்டை விற்றோம். சாவியைக் கொடுக்கும்போது அம்மா கையில் எடுத்து வந்தது கிணற்றடி மல்லிகைப் பதியன் ஒன்றுதான். "நீயே பார்த்துக்க"ன்னு என்னிடம் கொடுத்தாங்க.

நான் செய்த முதல் தவறு, அதைப் பழைய பெயின்ட் வாளியில் வைத்தது. அடியில் ஓட்டை போடவில்லை. இரண்டாவது தவறு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியது. இலை மஞ்சளானது. தண்ணீர் பத்தலைன்னு இன்னும் ஊற்றினேன். சத்து பத்தலைன்னு யூரியாவும் போட்டேன். இலையெல்லாம் கொட்டிப் போச்சு. அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்தது.

கடைசியில் தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "மண்ணுக்குள்ள விரல் விட்டுப் பார்த்தீங்களா?" வேருக்கும் காற்று வேண்டும். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் செடி தாகத்தில் வாடுவது போலவே தெரியும். வீட்டுக்கு வந்து வாளியைக் கவிழ்த்தேன், ஒரே நாற்றம். அழுகிய வேரை வெட்டிவிட்டு, ஓட்டையுள்ள தொட்டியில் செம்மண், மணல், மண்புழு உரம் கலந்து மறுபடி நட்டேன். ஒரு விரல் ஆழம் மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர்.

செடி பிழைத்தது. ஆனால் அடுத்த வருடம் இலைதான் வந்தது, பூ வரவில்லை. தொட்டி சுவர் நிழலில் இருந்தது. கவாத்து செய்யவும் எனக்குப் பயம். குண்டுமல்லி புதுக் கிளையில்தான் பூக்கும். தோட்டங்களில் நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டிவிடுவார்கள். போன நவம்பரில் தொட்டியை வெயிலுக்கு நகர்த்தி, செடியைப் பாதியாக வெட்டினேன். அம்மா பார்க்க முடியாமல் கீழே இறங்கிப் போயிட்டாங்க.

நண்பர்களே, என் பெரிய தவறு வாளியும் இல்லை, யூரியாவும் இல்லை. யாரிடமும் கேட்காமல் இருந்ததுதான். உங்கள் வட்டாரத்திலேயே தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. வாடிய இலையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்க. கிசான் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551. தமிழிலேயே பேசலாம். மானியத் திட்டங்களை உழவன் செயலியில் பார்க்கலாம். சின்ன சந்தேகம்தானேன்னு கூச்சப்படாதீங்க.

இன்று காலை மொட்டைப் பறிக்கலாமான்னு அம்மாவிடம் கேட்டேன். "பறி. பூ பறிக்கத்தானே வெச்சோம்?" என்றார்.