மன்னிப்புக் கேட்டார்கள், காணியைக் கொடுத்தார்களா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதக் கூட்டத்தில் கனடாவின் ஆதிக்குடிகளைப் பற்றிக் கொஞ்சம் பேசினோம். அந்த நாட்டுப் பிரதமர் பாராளுமன்றத்தில் எழுந்து நின்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார் என்று சொன்னதும், பின்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் கேட்டார்: "மன்னிப்புக் கேட்டாங்க சரி, காணிய குடுத்தாங்களா?" நேரமாகிவிட்டது என்று சொல்லி அன்று சமாளித்துவிட்டோம். உண்மை என்னவென்றால் நம்மிடம் பதில் இருக்கவில்லை. பிறகு தேடிப் படித்தோம். இன்று அவருக்குத்தான் பதில் சொல்ல வந்திருக்கிறோம்.

நூறு வருடத்துக்கும் மேலாக, கனடா அரசாங்கமும் தேவாலயங்களும் சேர்ந்து விடுதிப் பாடசாலைகளை நடத்தின. ஏறத்தாழ 150,000 ஆதிக்குடிப் பிள்ளைகள் தாய் தகப்பனிடமிருந்து பிரித்து அங்கே அடைக்கப்பட்டார்கள். சொந்த மொழியில் பேசினால் அடி விழும். எத்தனையோ பிள்ளைகள் வீடு திரும்பவே இல்லை. கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990களில்தான். நம்மில் பலர் அப்போது பிறந்துவிட்டோம்.

தப்பி வந்தவர்கள் வழக்குப் போட்டு நட்டஈடு வாங்கினார்கள். விடுதியில் இருந்த முதல் வருடத்துக்கு 10,000 டொலர், அதன் பிறகு ஒவ்வொரு வருடத்துக்கும் 3,000. வதைகளுக்குத் தனிக் கணக்கு. நாம் சேவைக்காலப் பணம் கணக்குப் பார்ப்பதுபோலத்தான். வாங்கியவர்களை ஒரு சொல்லும் குறை சொல்ல மாட்டோம், அது அவர்கள் போராடிப் பெற்றது. 2008 ஜூன் 11ஆம் திகதி பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் மன்னிப்புக் கேட்டார். உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகளை முன்வைத்தது.

ஆனால் மன்னிப்புக் கேட்ட அதே பிரதமர், அடுத்த வருடமே வெளிநாட்டு மாநாடு ஒன்றில், கனடாவுக்குக் காலனித்துவ வரலாறே கிடையாது என்றார். பாடசாலை தவறு, காணி பிடித்தது மட்டும் தவறில்லை என்றுதானே இதற்கு அர்த்தம்? டெனே இனத்தைச் சேர்ந்த கிளென் கூல்தார்ட் என்ற அறிஞர் 2014இல் எழுதிய நூலில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். அரசு கொண்டுவரும் நல்லிணக்கம், அநியாயத்தைப் பழங்கதையாக்கிவிட்டு, உங்கள் கோபத்தைக் கைவிடுங்கள் என்கிறது. காணியோ பிடித்தவன் கையிலேயே இருக்கிறது. அந்தக் கோபம் நோயல்ல, நியாயம் என்கிறார் அவர்.

பாட்டி கேட்ட காணிக்கு வருவோம். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கிட்க்சான், வெட்சுவெட்டன் என்று இரண்டு மக்கள். 58,000 சதுர கிலோமீற்றர் எங்கள் பூமி என்று 1984இல் வழக்குப் போட்டார்கள். 374 நாள் விசாரணை. அவர்களிடம் உறுதி இல்லை. பரம்பரை பரம்பரையாகச் சொல்லி வந்த கதைகளையும் பாட்டுகளையும் சான்றாக வைத்தார்கள். மேரி ஜோன்சன் என்ற கிட்க்சான் மூதாட்டி, தன் குலத்துக்குரிய ஒப்பாரி ஒன்றைச் சாட்சிக் கூண்டில் பாட வேண்டும் என்றார். அவர்களுக்கு அந்தப் பாட்டுத்தான் உறுதிப் பத்திரம். நீதிபதிக்குப் பிடிக்கவில்லை. தனக்குப் பாட்டுக் கேட்கும் காது இல்லை, தன்னிடம் பாடிப் பயனில்லை என்றார். அந்த அம்மா பாடிவிட்டுத்தான் இறங்கினார்.

1991இல் வழக்குத் தோற்றது. 1997இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. வாய்வழி வரலாற்றுக்கும் உரிய மதிப்புக் கொடுக்க வேண்டும், மறுபடி விசாரியுங்கள் என்றது. ஆனால் காணி யாருடையது என்று சொல்லவில்லை.

பிறகு அதே வெட்சுவெட்டன் பூமியின் ஊடாக எரிவாயுக் குழாய் போடக் கம்பனி வந்தது. பாதையிலிருந்த 20 ஊர்களின் தெரிவு செய்யப்பட்ட சபைகள் கையெழுத்துப் போட்டன. அந்தச் சபைமுறை அரசு சட்டம் போட்டு உண்டாக்கியது. பரம்பரைத் தலைவர்களோ எங்கள் சம்மதம் இல்லை என்றார்கள். இதில் யார் நல்லவர், யார் கெட்டவர் என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி இல்லை. வேலை தேவைப்பட்டவர்களும் அங்கே இருந்தார்கள். கூட்டு ஒப்பந்தத்தில் யார் கையெழுத்துப் போடுவது என்று சண்டை பிடித்த நமக்கு இது புரியும்.

2020 பெப்ரவரியில் பொலிஸ் உள்ளே புகுந்து ஆட்களைக் கைது செய்தது. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், ஒன்ராறியோவில், மோஹோக் மக்கள் ரயில் பாதையோரம் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள், ரயில் ஓடவில்லை. நல்லிணக்கம் செத்துவிட்டது என்று இளைஞர்கள் பதாகை பிடித்தார்கள். குழாய் போட்டு முடிந்துவிட்டது, அதையும் மறைக்கக் கூடாது.

ஆகவே பாட்டி, பதில்: பெரும்பாலும் கொடுக்கவில்லை.

அப்படியானால் அவர்கள் என்ன செய்கிறார்கள்? மோஹோக் மக்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறோம். பாடசாலைச் சம்பவம் என்பதால் நமக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம். மொன்றியல் நகருக்குப் பக்கத்தில் கானவாகே என்ற ஊர். 1977இல் கியூபெக் மாகாணம் மொழிச் சட்டம் கொண்டுவந்தது. ஆங்கிலப் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகள் மாகாணத்திடம் அனுமதி எடுக்க வேண்டும். எங்கள் பிள்ளை எங்கே படிக்க வேண்டும் என்று சொல்ல நீ யார் என்றது கானவாகே. 1978இல் மாணவர்கள் வெளியூர் உயர்பாடசாலையை விட்டு எழுந்து வந்தார்கள். ஊரார் அனுமதிக்கு மனுப் போட்டுக்கொண்டு இருக்கவில்லை. கிடைத்த இடங்களில் வகுப்பு வைத்து, சொந்த உயர்பாடசாலையைத் தொடங்கினார்கள். மோஹோக் மொழியும் வரலாறும் அங்கே பாடமாயின. பெயரே 'கானவாகே பிழைத்திருத்தல் பாடசாலை'. இன்றும் நடக்கிறது.

கூல்தார்ட்டின் ஊர்ப்பக்கம், வடக்கே, டெச்சிந்தா என்று இன்னொன்று. காட்டிலும் ஏரிக்கரையிலும்தான் வகுப்பு. மீன் பிடிப்பது, தோல் பதனிடுவது எல்லாம் பாடம். ஊர்ப் பெரியவர்கள்தான் ஆசான்கள். கைப்பிள்ளையோடு தாய்மார் வந்தும் படிக்கலாம். இதை அவர்கள் மறுஎழுச்சி என்கிறார்கள். அரசு அங்கீகரிக்கட்டும் என்று காத்திராமல், தங்கள் வாழ்க்கையைத் தாங்களே மறுபடி நடத்தத் தொடங்குவது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இந்த மலைக்கு நாம் ஆதிக்குடிகள் அல்ல. 1840ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வெள்ளைக்காரன் கண்டிக் கிராமத்து மக்களின் காணியைத் தோட்டமாக்கினான். அதில் கூலிக்கு இறக்கப்பட்டவர்கள் நாம். 1948இல் நம் குடியுரிமையைப் பறித்தது சுதந்திர இலங்கையின் பாராளுமன்றம். கனடாவில் குடியேறிய நம் தமிழரும் அந்த ஆதிக்குடிகளின் பூமியில்தான் வீடு வாங்குகிறார்கள். கேட்பவர்களாக மட்டுமல்ல, பதில் சொல்ல வேண்டியவர்களாகவும் நிற்கிறோம்.

அந்த ஒப்பாரியைப் படித்த இரவு, நம் மலைகளின் பெயர்கள் ஞாபகம் வந்தன. தோட்டக் கணக்கில் அவை நம்பர்தான். கொழுந்து எடுப்பவர்கள் வாயில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரும் ஒரு கதையும் உண்டு. பாடசாலைப் பிள்ளைகள் அதை எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். இதுவரை 11 பெயர் சேர்ந்திருக்கிறது. ஆற்றுப் பக்கத்து மலைக்கு இரண்டு பெயர் சொல்கிறார்கள், எது முந்தியது என்று மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் தகராறு. தெரிந்த பெரியவர்கள் சனிக்கிழமை பின்னேரம் பாடசாலைக்கு வாருங்கள். கேள்வி கேட்ட பாட்டி கட்டாயம் வர வேண்டும்.