கூலிக்கு வழக்காடிய கால்பந்து வீரர்

லண்டன் மாநகரத்தில் கால்பந்தாடிக் கீர்த்தி பெற்றோர் அநேகர்; ஆயினும் ஆட்டக்காரராய், தொழிற்சங்கத் தலைவராய், பயிற்சி நிர்வாகியாய், வியாபாரியாய் ஒரே ஜன்மத்தில் விளங்கியவர் என்றால், அந்நகரின் பேலம் பகுதியில் 1928-ஆம் ஆண்டு பிறந்த ஜிம்மி ஹில்லின் பெயரே என் மனத்தில் முந்தி நிற்கிறது.

பிரென்ட்ஃபோர்டு, ஃபுல்ஹாம் ஆகிய இரு கழகங்களுக்கு ஆடிய அவர், நடுவரிசையிலும் முன்வரிசையிலும் சளைக்காதவர்; 1958-இல் டான்காஸ்டருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டவர். என்றாலும் அவருடைய பெருமை வேறிடத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் காசு கொடுத்துக் காண வரும் வீரன் எத்தனை சமர்த்தனாயினும் அவனுக்கு வாரம் 20 பவுனுக்குமேல் ஊதியம் தரலாகாதென்று இங்கிலாந்துக் கால்பந்து லீக்கின் விதி இருந்தது. கோடையில் அதுவும் 17 பவுனாய்ச் சுருங்கும். அரங்கத்து வசூல் ஒரு பக்கமும் ஆட்டக்காரன் குடும்பத்தின் ஜீவனம் ஒரு பக்கமுமாய்க் கிடந்த இந்த அநியாயத்தை, 1957-இல் வீரர் சங்கத் தலைமையேற்ற ஹில் எதிர்த்து நின்று, வேலைநிறுத்தம் நிச்சயம் என்ற கட்டம்வரை உறுப்பினரை ஒற்றுமையாய் நடத்திச் சென்றார். 1961 ஜனவரியில் லீக் இணங்கியது, உச்சவரம்பு ஒழிந்தது. அவருடைய சகா ஜானி ஹேன்ஸுக்கு ஃபுல்ஹாம் வாரம் 100 பவுன் கொடுத்தது.

பின்னர் கவென்ட்ரி அணியை மூன்றாம் பிரிவிலிருந்து 1967-இல் முதற்பிரிவுக்கு உயர்த்தினார். வானநீலச் சீருடையும், ரசிகர்களுக்கென்று தனி ரயிலும் ஏற்பாடு செய்தது அவருடைய வர்த்தக புத்திக்குச் சான்று. வெற்றிக்கு இரண்டு புள்ளிக்குப் பதிலாக மூன்று என்று 1981-இல் இங்கிலாந்தில் வந்த விதியும் அவர் வற்புறுத்தியதே. தொலைக்காட்சியில் அவர் முகம் அறியாத வீடு அந்நாட்டில் அக்காலத்தில் அரிதாயிருந்தது.

வியாபாரத்தில் எல்லாமே கைகூடியதென்று சொல்வதற்கில்லை. அமெரிக்கக் கழகங்களில் போட்ட முதல் பெரும்பாலும் நஷ்டமாயிற்று. அதனால் அவர் சோர்ந்துவிடவில்லை. 1987-இல் ஃபுல்ஹாம் கழகத்தை அயல் அணியான குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸுடன் இணைத்துவிட்டு, தேம்ஸ் கரையிலுள்ள கிரேவன் காட்டேஜ் மைதானத்தைக் கட்டடங்களுக்குக் கொடுக்க முயற்சி நடந்தபோது, தாம் ஆடிய கழகத்தைக் காக்க முன்வந்தோரோடு சேர்ந்து அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். லாபத்தை மட்டும் எண்ணுகிறவர் செய்யும் காரியமன்று அது. 2015 டிசம்பரில் அவர் காலமானார். அவர் காத்த கழகம் இன்றும் அதே மைதானத்தில்தான் ஆடுகிறது.