கதவு மூடினால்தான் கூலி

கொஞ்சம் பொறுங்கள். ஒரு விமானம் இறங்குகிறது, போகட்டும். பொழிச்சலூர் மேடையில் கூட்டத் தலைவர் அடிக்கிற மணிக்குக் கட்டுப்படாதவன்கூட இதற்குக் கட்டுப்பட்டே ஆகவேண்டும்.

போயிற்றா? அதற்குள்ளே வேலை பார்க்கிற பெண்ணைப் பற்றித்தான் பேச வந்தேன்.

நம் ஊரிலேயே ஒருத்தி இருக்கிறாள். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே கம்பெனியில் கூப்பிட்டுக் கேட்பார்கள். விடிகாலை மூன்று மணிக்கு வாசலில் கார் வந்து நிற்கும். ஒரு முடி பிசகாத கொண்டை, அதற்கு மேலே வலை, கையில் உருட்டுப் பெட்டி. நம் தெரு நாய்கள்கூட அவளைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற சில பெரிய மனிதர்கள்தான் இன்னும் விடவில்லை! (கைதட்டல்)

அவளுக்கு அடிப்படைச் சம்பளம் கொஞ்சம். மீதியெல்லாம் பறந்த நேரக் கணக்கு. பல கம்பெனிகளில் அந்தக் கணக்கு எப்போது தொடங்குகிறது? கதவு மூடி, விமானம் நகர்ந்த பிறகு! அதற்கு முன்னால் நூற்றெண்பது பேரை வணங்கி ஏற்றினாளே, உங்கள் பெட்டியை மேலே திணித்தாளே, பனிமூட்டத்தில் விமானம் கிளம்பாமல் நிற்க, நீங்கள் திட்டியதையெல்லாம் சிரித்தபடி வாங்கிக்கொண்டாளே, அதெல்லாம் புண்ணியக் கணக்கு! 2025 ஆகஸ்டில் ஏர் கனடாவில் பத்தாயிரம் பேர் இதைத்தான் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அரசாங்கம் வேலைக்குத் திரும்பு என்றது. திரும்பவில்லை. நாலாம் நாள், தரையில் நிற்கிற நேரத்துக்கும் கூலி உண்டு என்று கம்பெனி இறங்கி வந்தது.

நம் நாட்டுக்கு வாருங்கள். 2024 மே 7 ராத்திரி, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸில் இருநூறு, முந்நூறு பேர் சேர்ந்தாற்போல உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். நூற்றுக்கும் மேலான விமானங்கள் ரத்து. 25 பேருக்கு வேலை போயிற்று. இரண்டே நாள்! 9ஆம் தேதி டெல்லியில் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசி, அந்த 25 பேரையும் திரும்ப எடுத்தார்கள். பழைய ஏர் ஏசியா இந்தியாவோடு இணைக்கிறபோது எங்கள் படியில் கை வைக்கிறார்கள், அனுபவத்துக்கு மதிப்பில்லை, கீழ்ப்பதவி தருகிறார்கள் என்பது அவர்கள் குறை. அவர்களுடைய சங்கம் நம் கொடி கிடையாது, பாரதிய மஸ்தூர் சங்கத்தோடு சேர்ந்தது. இருக்கட்டுமே! வயிற்றுப் பசிக்குக் கொடி உண்டா?

"அதெப்படி முந்நூறு பேருக்கு ஒரே ராத்திரியில் வயிற்றுவலி?" என்று ஒருவர் பக்கத்து ஊர் மேடையில் கேட்டாராம். யாரென்று சொல்லவேண்டாம், உங்களுக்கே தெரியும். ஐயா, உங்கள் ஆட்களுக்கு சம்மன் வந்தால் நெஞ்சுவலி, சீட்டு இல்லையென்றால் ரத்தக்கொதிப்பு, தீர்ப்பு நாளன்று ஸ்ட்ரெச்சர்! ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் ஏழை நோயாளி தரையில் படுக்கிறான். நீங்கள் வயிற்றுவலியைப் பற்றிப் பேசலாமா? (நீண்ட கைதட்டல்) இன்னும் இருக்கிறது, தலைவர் மணியைப் பார்க்கிறார், விடுகிறேன்.

சரி, அந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்காரர்கள் ஏன் உடம்பு சரியில்லை என்றார்கள்? விமானச் சேவையில் 14 நாள் நோட்டீஸ் இல்லாமல் வேலைநிறுத்தம் செய்தால் சட்டவிரோதம். இப்போது 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பாதிப் பேர் கூடிப்பேசி ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தம். இருந்த சந்துபொந்தையும் அடைத்துவிட்டார்கள்.

பழைய கதையும் கேளுங்கள். ஒரு காலத்தில் ஏர் இந்தியா விமானத்துக்குள் வேலை பார்த்த ஆணுக்கு ஓய்வு வயது 58, பெண்ணுக்கு 35. சேர்ந்த நாலு வருஷத்துக்குள் கல்யாணமானால் வீட்டுக்குப் போ. முதல் பிள்ளை உண்டானால் வீட்டுக்குப் போ. நெர்கேஷ் மீர்ஸா என்ற பெண் வழக்குப் போட்டார். 1981இல் உச்ச நீதிமன்றம் கர்ப்ப விதியை உடைத்தது. கல்யாண விதியை மட்டும் அப்படியே விட்டுவைத்தது, அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்!

இத்தனையும் கேட்டீர்களே, இனி ஏர்ஹோஸ்டஸ் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிற இடத்தில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுமுன் தாய்மார்கள் மூன்று கேள்வி கேளுங்கள். நிரந்தர வேலையா, ஒப்பந்தமா? அடிப்படைச் சம்பளம் எவ்வளவு? நாற்பது வயதில் என் மகள் என்ன பதவியில் இருப்பாள்? சொன்னேனே நம் ஊர்ப் பெண், அவளுடைய அம்மா இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார். கையைக் காட்டமாட்டேன். அம்மா, சங்கத்தில் சேரப்போகிறேன் என்று மகள் வந்து நின்றால் வேண்டாமென்று தடுக்காதீர்கள், சந்தா பணத்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள்!