முதியோர் பராமரிப்பு இல்லத்தை எடைபோடுவது எப்படி?

(தோட்டச் சமூக மண்டபக் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பலரும் பேசத் தயங்கும் பொருளாகும். நம் வீட்டு முதியவர் ஒருவர் பாரிசவாயு தாக்கிக் கைகால் விளங்காமல் படுத்துவிட்டால், அல்லது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டால், அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாமா? சேர்ப்பதானால், நல்ல இல்லம் எது, பெயரளவில் மட்டும் இல்லம் எது என்பதை, மருத்துவம் படிக்காத நாம் எவ்வாறு அறிந்துகொள்வது?

நம் நாட்டில் முதியோர் தொகை வளர்ந்து வருகிறது. 2010ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் 100க்கு 5 பேராக இருந்தனர். 2020ஆம் ஆண்டில் அது 6.8 ஆக உயர்ந்தது. நீண்ட ஆயுள் ஒரு பேறுதான். ஆனால் அந்த ஆயுளின் கடைசிப் பகுதி படுக்கையில் கழியுமானால், அதைத் தாங்க வேண்டிய பொறுப்பும் குடும்பத்தின் மீது விழுகிறது.

பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பவரை நம் சமூகம் கடிந்து பேசுவதுண்டு. அந்தக் கடிந்துரையின் அடியில் இருப்பது பெற்றோர் மீதுள்ள மதிப்பு. அதை நான் குறை கூற மாட்டேன். ஆயினும் தோட்டத்து வாழ்வின் நிலையை எண்ணிப் பாருங்கள். விடியுமுன்பே கணவனும் மனைவியும் பிரட்டுக்குப் போக வேண்டும். பால் வெட்டி, பால் எடுத்து, கொட்டகையில் சேர்த்துவிட்டு வீடு திரும்ப நண்பகல் ஆகிறது. அதுவரை, எழுந்து உட்கார இயலாத தாய் ஈரத் துணியில் படுத்திருக்கிறார். தாகத்துக்கு நீர் கொடுக்கவும் ஆளில்லை. அண்டை வீட்டுப் பாட்டி எட்டிப் பார்ப்பதே அவருக்குக் கிடைக்கும் பராமரிப்பு. வீட்டில் வைத்திருந்தோம் என்ற பெயர் நமக்குக் கிடைக்கலாம். அதனால் அந்தத் தாயின் முதுகுப் புண் ஆறிவிடாது. அதே வேளையில், கண்ணை மூடிக்கொண்டு மோசமான இல்லமொன்றில் சேர்த்துவிட்டால், வீட்டில் வராத புண்ணும் அங்கே வரும். ஆகவே, எடைபோட்டுப் பார்க்கும் திறன் நமக்கு வேண்டும்.

அந்தத் திறன் உங்களுக்குப் புதியதன்று. பால் கொட்டகையில் வாளியின் எடையை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதுவதில்லை. அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு இருக்கிறது என்பதையும் மெட்ரோலாக் கருவியைக் கொண்டோ, மாதிரி எடுத்து உலர்த்தியோ பார்க்கிறார்கள். வாளி நிறைந்திருக்கலாம்; மழைநீர் கலந்திருந்தால் ரப்பர் குறைவு. பராமரிப்பு இல்லமும் அப்படித்தான். பளிங்குத் தரை, வண்ணத் திரை, வாசலில் பூந்தொட்டி ஆகியவை வாளியின் நிறைவு. உள்ளே படுத்திருப்பவருக்குக் கிடைக்கும் கவனிப்பே உலர்ந்த ரப்பர்.

உரிமத்தைக் கேளுங்கள்

முதலில், எத்தகைய இல்லம் தேவை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நடமாடக்கூடிய முதியவருக்கு உணவும் துணையும் போதும். படுக்கையில் இருப்பவருக்கு, மூக்கு வழிக் குழாயில் உணவு செல்பவருக்கு, புண்ணுக்கு மருந்து கட்ட வேண்டியவருக்குப் பயிற்சி பெற்ற தாதியர் தேவை. பாரிசவாயுவிலிருந்தோ எலும்பு முறிவிலிருந்தோ மீண்டு வருபவருக்கு, இவற்றோடு மறுவாழ்வுப் பயிற்சியும் தேவை.

சட்டமும் இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோரைத் தங்கவைத்துக் கவனிக்கும் இல்லங்கள், 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி சமூக நல இலாகாவில் பதிவு பெற வேண்டும். நோயுற்றோருக்கும் பலவீனமுற்றோருக்கும் தாதிமைச் சேவை வழங்கும் தனியார் இல்லங்கள், 1998ஆம் ஆண்டின் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி சுகாதார அமைச்சின் உரிமம் பெற வேண்டும். எனவே, "உங்கள் பதிவுப் பத்திரத்தைக் காட்டுங்கள்" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பத்திரத்திலுள்ள முகவரி அந்தக் கட்டடத்தின் முகவரிதானா, காலவரம்பு முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். பத்திரம் அலுவலகத்தில் இருக்கிறது, பிறகு காட்டுகிறோம் என்று சொல்லும் இடத்தில் அவசரப்பட்டுப் பணம் கட்ட வேண்டாம்.

ஆயினும், உரிமம் என்பது நுழைவாயில் மட்டுமே. உரிமம் பெற்ற இல்லங்களிலும் சிறந்தவை உண்டு, சுமாரானவை உண்டு. ஆகவே உள்ளே செல்வோம்.

குதிகால் சொல்லும் உண்மை

இல்லத்தைக் காணச் செல்லும்போது ஒரு முறை சொல்லிவிட்டும், மறுமுறை சொல்லாமலும் செல்லுங்கள். இரண்டாவது முறை உணவு வேளையாகவோ மாலை வேளையாகவோ இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் உங்கள் மூக்கு முதல் சாட்சி சொல்லும். ஓர் அறையில் சற்று நேரம் சிறுநீர் வாடை இருப்பது இயல்பு. இல்லம் முழுவதும் அந்த வாடை படிந்திருந்தால், துணியும் டயாப்பரும் வேளைக்கு மாற்றப்படவில்லை என்பது பொருள்.

அடுத்த சாட்சி, படுத்திருப்பவரின் தோல். தாமாகப் புரள இயலாதவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒரு முறை வலப்புறமும் இடப்புறமுமாகத் திருப்பிப் படுக்கவைப்பது நெடுநாளைய தாதிமை வழக்கம். அவ்வாறு செய்யாவிடில், எலும்பு துருத்தி நிற்கும் இடங்களான வால் எலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிகால் ஆகியவற்றில் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் சிவக்கும். அந்தச் சிவப்பை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பின் சிவந்தால், இரத்தம் ஓடுகிறது. அழுத்திய பின்னும் வெளுக்காமல் அப்படியே இருந்தால், அது படுக்கைப் புண்ணின் தொடக்கம். நம்மவரின் கருநிறத் தோலில் சிவப்பு தெளிவாகத் தெரியாது. ஆகவே அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கருமையாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் வரும் சிறு புண்ணும் காலை இழக்கச் செய்யக்கூடும்.

இன்னொருவரின் உறவினரை நாம் தொட்டுப் பார்க்க இயலாது. ஆனால், "யாரை எப்போது திருப்பிப் படுக்கவைத்தீர்கள் என்று எழுதி வைக்கிறீர்களா? அந்தப் பதிவைக் காணலாமா? இப்போது எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் இருக்கிறது? இங்கே வந்த பின் எத்தனை பேருக்கு வந்தது?" என்று கேட்கலாம். நேர்மையான பொறுப்பாளர் இக்கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

தட்டும் மருந்தும்

உணவு வேளையில் பார்க்க வேண்டியவை பல. ஊட்டிவிடும்போது முதியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாரா? படுத்த நிலையில் ஊட்டினால் உணவு மூச்சுக் குழாயில் இறங்கி நுரையீரல் காய்ச்சலை உண்டாக்கும். உண்ட பிறகும் அரை மணி நேரமாவது நிமிர்ந்திருக்கச் செய்ய வேண்டும். ஒரே பணியாள் நால்வருக்கு அவசரமாக ஊட்டுகிறாரா? தண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா? நம்மவர் பலர் மாட்டிறைச்சி உண்பதில்லை; சிலர் வெள்ளிக்கிழமைகளில் மரக்கறி மட்டுமே உண்பர். இவற்றை மதித்துச் சமைக்கிறார்களா? மதிக்கப்படாத இடத்தில் முதியவர் வாயைத் திறக்கமாட்டார், உடல் மெலிந்துவிடும். மாதம் ஒரு முறை எடை பார்த்து எழுதுகிறார்களா என்று கேளுங்கள்.

மருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பெயரிட்டு வைக்கப்பட வேண்டும். கொடுத்த நேரமும் கொடுத்தவர் கையொப்பமும் ஏட்டில் இருக்க வேண்டும். பகல் முழுவதும் அனைவரும் உறங்கிக்கொண்டே இருக்கும் இல்லத்தில், "தூக்க மருந்து கொடுக்கிறீர்களா? எந்த மருத்துவரின் உத்தரவு?" என்று கேட்பது நம் கடமை. நாற்காலியிலும் கட்டிலிலும் முதியோரைத் துணியால் கட்டி வைத்திருந்தால், காரணத்தைக் கேளுங்கள். "விழுந்துவிடுவார்" என்ற பதில் போதாது. விழாமலிருக்கக் கைப்பிடியும், தாழ்ந்த கட்டிலும், கவனிக்க ஆளும் வேண்டும்.

ஆள் என்றதும் இரவை மறவாதீர்கள். பகலில் எத்தனை பணியாளர், இரவில் எத்தனை பணியாளர், அவர்களில் பதிவு பெற்ற தாதியர் எத்தனை பேர், தமிழ் பேசுபவர் எவரேனும் உண்டா என்று கேளுங்கள். நினைவு மங்கிய முதியோர் பிற்காலத்தில் கற்ற மொழிகளை மறந்து, தாய்மொழியில் மட்டுமே பேசுவது உண்டு. "வலிக்கிறது" என்பதைப் புரிந்துகொள்ள ஒருவராவது வேண்டும். தீ நேர்ந்தால் வெளியேறும் வழி பூட்டப்படாமல் இருக்கிறதா என்பதையும் நடந்து பார்த்துவிடுங்கள்.

மீண்டும் நடப்பதற்கான காலம்

அடுத்ததாக, அதிகம் கவனிக்கப்படாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். பாரிசவாயுவில் இழந்த இயக்கத்தின் பெரும்பகுதி, திரும்புவதானால், முதல் 3 மாதங்களில் திரும்புகிறது. அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, வேகம் குறையும். அந்த 3 மாதங்களை மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே கழித்துவிட்டால், நடக்கக்கூடியவரும் நடக்காமலே போய்விடலாம். வெட்டுப்பட்டையைத் தொடர்ந்து பேணாத மரம் பால் தராததைப்போல, பயிற்சியின்றிக் கிடக்கும் தசையும் மூட்டும் இறுகிவிடுகின்றன.

பல இல்லங்களின் பெயர்ப்பலகையில் "மறுவாழ்வு" என்ற சொல் இருக்கிறது. அச்சொல்லுக்குப் பொருள் இருக்கிறதா என்பதை நான்கு கேள்விகளால் அறியலாம். பிசியோதெரபி வல்லுநர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிடம் பயிற்சி? எங்கள் தந்தைக்கு நீங்கள் வைக்கும் குறிக்கோள் என்ன? அவர் முன்னேறுகிறாரா என்பதை எப்படி எங்களுக்குத் தெரிவிப்பீர்கள்? "தாமாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது", "கழிவறைக்குத் தாங்குகோலுடன் நடப்பது" என்று தெளிவான குறிக்கோளைச் சொல்லும் இல்லம் நம்பிக்கைக்குரியது. பயிற்சி அறையிலுள்ள கருவிகளின் மீது துணிமணிகள் குவிந்திருந்தால், அங்கே பயிற்சி நடப்பதில்லை. பணியாளர்கள் நோயாளியைத் தூக்கும்போது செயலிழந்த கையைப் பிடித்து இழுக்கிறார்களா என்றும் கவனியுங்கள். அவ்வாறு இழுத்தால் தோள்மூட்டு நழுவிவிடும்.

வயதில் இளையவர்களுக்கும் இதில் செய்தி உண்டு. சொக்சோ சந்தா செலுத்தும் தொழிலாளர் நோயாலோ விபத்தாலோ ஊனமுற்றால், மறுவாழ்வுப் பயிற்சிக்கு சொக்சோவில் விண்ணப்பிக்கலாம். அதற்கென மலாக்காவில் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் 2014ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சொக்சோ அலுவலகத்தில் விசாரிக்கத் தவறாதீர்கள்.

கட்டணமும் வசதியற்றோருக்கான வழியும்

கட்டணத்தை எழுத்தில் பெறுங்கள். மாதக் கட்டணத்தில் டயாப்பர், புண் கட்டுதல், பிசியோதெரபி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் வண்டி ஆகியவை அடங்குமா? முன்பணம் எவ்வளவு, இடையில் அழைத்து வந்தால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? குறைந்த கட்டணம் என்று சேர்த்த பின், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வெள்ளி கேட்கப்பட்டு இடருற்ற குடும்பங்கள் உண்டு.

கட்டணம் செலுத்த இயலாதவர்கள் மனம் தளர வேண்டாம். 60 வயதைக் கடந்து, ஆதரிப்பார் இன்றி, தம் காரியத்தைத் தாமே பார்த்துக்கொள்ளக்கூடியவர்களுக்கு, சமூக நல இலாகா "ரூமா ஸ்ரீ கெனாங்கான்" இல்லங்களை நடத்துகிறது. ஆதரவற்ற நாள்பட்ட நோயாளிகளுக்கு, கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் "ரூமா ஏசான்" இல்லங்கள் உள்ளன. வீட்டிலேயே வைத்துப் பார்க்க விரும்புவோர், படுக்கை நோயாளிகளின் வீட்டுக்கு வரும் மருத்துவக் குழுவைப்பற்றி அரசாங்கச் சுகாதார கிளினிக்கில் கேட்கலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளன்று அவசரப்படாமல், அனுமதிக்கப்பட்ட முதல் வாரத்திலேயே அங்குள்ள மருத்துவச் சமூகப் பணியாளரைச் சந்தித்துவிடுங்கள்.

சேர்த்த பிறகு

இல்லத்தில் சேர்த்ததோடு நம் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. அடிக்கடி உறவினர் வந்து போகும் முதியவரிடம் பணியாளர்களின் கவனமும் கூடுகிறது. ஒரே நாளில் அனைவரும் கூடிச் செல்வதைவிட, முறை வைத்துக்கொண்டு வெவ்வேறு நாள்களில், வெவ்வேறு வேளைகளில் செல்லுங்கள். போனால் பழம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். போர்வையை விலக்கிக் குதிகாலைப் பாருங்கள்; முதுகைத் தடவிப் பாருங்கள்; நகம் வெட்டியிருக்கிறதா, வாய் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். பணியாளரின் முன்னிலையில் பேசாத முதியவர், தனிமையில் பேசுவார். குறை இருந்தால் முதலில் பொறுப்பாளரிடம் பண்போடு சொல்லுங்கள். கொடுமையோ புறக்கணிப்போ தெரிந்தால், சமூக நல இலாகாவுக்கோ, 15999 என்ற "தாலியான் காசே" தொலைபேசிக்கோ தெரிவியுங்கள். அது இரவும் பகலும் இயங்கும் சேவையாகும்.

அன்பர்களே, இந்தத் தோட்டங்களின் ஒவ்வொரு நிரையிலும் நம் முதியோரின் வியர்வை விழுந்திருக்கிறது. அன்று அவர்கள் நின்று உழைத்த கால்கள் இன்று ஓய்ந்திருக்கின்றன. அவர்கள் எந்தக் கூரையின் கீழ் படுத்திருந்தாலும், அந்தக் கால்களைத் தொட்டுப் பார்க்க ஒரு பிள்ளையின் கை வரவேண்டும். இங்கே கூறிய கேள்விகளை ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். தேவைப்படும் அண்டை வீட்டாருக்கும் கொடுங்கள்.